காதுக்கு மெசின் வாங்க முதல்: ஓடியோலஜிஸ்டிடம் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் ஓடியோலஜிஸ்டாக வேலை செய்கிறேன். காதைப் பற்றி என்னவும் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மருந்து எழுதுவதும் ஒப்பரேஷன் செய்வதும் காது, மூக்கு, தொண்டை டொக்டரின் வேலை. எவ்வளவு கேட்கிறது, எந்த இடத்தில் பழுது, கேட்க வைக்க என்ன வழி என்று பார்ப்பதுதான் என் வேலை.

கேள்வி (சாவகச்சேரியில் இருந்து ஒரு மகள்): அப்பாவுக்கு 74 வயது. கனடாவில இருந்து அண்ணா நல்ல விலை குடுத்து ரெண்டு காதுக்கும் மெசின் வாங்கி அனுப்பினவர். அப்பா கொஞ்ச நாள் போட்டுப்போட்டு அலுமாரிக்குள்ள வச்சிட்டார். ஒரே இரைச்சலாம். வேற மெசின் வாங்கோணுமோ?

வேண்டாம் தங்கச்சி, பொறுங்கோ. அந்த மெசின் அப்பாவின் காதுக்கு இன்னும் செட் பண்ணப்படவில்லை. முதலில் ஓடியோகிராம் எடுக்க வேணும். 250 ஹேர்ட்ஸ் தொடங்கி 8000 வரை, ஒவ்வொரு சுருதியிலும் எத்தனை டெசிபலில் (சத்தத்தின் பலத்தை அளக்கும் அலகு) அவருக்குச் சத்தம் பிடிபடுகிறது என்று காட்டும் வரைபடம் அது. அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி, குறைந்த இடத்தை மட்டும் கூட்டிவிடுவோம். வயது போனவர்களுக்குத் தடித்த சத்தம் ஓரளவு கேட்கும், கீச்சுச் சுருதிதான் போயிருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டிவிட்டால் ஃபானும் கோப்பை கழுவுகிற சத்தமும் மண்டையில் அடிக்கும். பிறகு அது அலுமாரிக்குள் போகாமல் வேறெங்கே போகும்?

செட் பண்ணின அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதேங்கோ. கனகாலம் கேளாமல் இருந்த மூளை, திரும்பி வந்த சத்தங்களோடு பழகச் சில கிழமைகள் எடுக்கும். முதலில் வீட்டுக்குள், ஒருவரோடு கதைக்கும்போது போடட்டும். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோய் முதல்நாள் பரீட்சை வைக்க வேண்டாம். கீ என்று விசில் அடித்தால் பெரும்பாலும் காதுக்குள் போகும் ரப்பர் அளவில்லை என்று அர்த்தம். அது மாற்றக்கூடிய சாமான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். அங்கே சில பெரிய கடைகளில் விற்கும் மெசின்கள் பூட்டப்பட்டவை, வேறு ஆட்களால் திறந்து செட் பண்ண முடியாது. காசைக் கட்ட முதல் இங்கே எடுத்த ஓடியோகிராமை அனுப்பி, இங்கே செட் பண்ணலாமா என்று கேட்டு வாங்குங்கோ. செத்துப்போன பெரியம்மாவின் மெசினை அப்படியே எடுத்து மாமாவுக்குக் கொழுவிவிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ரெஸ்ற் எப்படி இருக்கும்? நோகுமோ?

துளியும் நோகாது. சத்தம் புகாத சின்ன அறைக்குள் இருத்தி ஹெட்போன் போடுவோம். கேட்டால் பட்டனை அமத்த வேணும். நல்ல காதில் 1000 ஹேர்ட்ஸில் தொடங்கி, கேட்டால் 10 டெசிபல் இறக்குவோம், கேளாவிட்டால் 5 ஏற்றுவோம். இப்படி ஏறி இறங்கித்தான் எல்லை பிடிபடும். பிறகு காதுக்குப் பின் எலும்பில் ஒரு அதிர்வான் வைத்துப் பார்ப்போம். எலும்பு வழியே நல்லாகவும் ஹெட்போனில் குறைவாகவும் கேட்டால் பழுது வெளிக்காதிலோ நடுக்காதிலோ. இரண்டும் ஒரே அளவாய்க் குறைந்தால் உட்காது அல்லது நரம்பு.

எங்கள் ஊர் அம்மம்மாக்களோடு ஒரு சிக்கல் உண்டு. நான் சத்தமே போட முதல் கண்ணாடிக்கு அங்கால் இருந்து "ஓம் பிள்ளை, கேக்குது" என்று தலையாட்டுவார்கள். மரியாதையில் வருகிற தலையாட்டல். அதனால் அவர்களுக்கு என் கை தெரியாதபடி கதிரையைத் திருப்பிப் போட்டுவிடுவேன்.

கேள்வி: அம்மம்மா "சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை" எண்டுறா. நடிக்கிறாவோ?

இல்லை. ஆ, ஓ மாதிரியான உயிரொலிகள் தடித்தவை, பலமானவை. கத்தி, பத்தி, சத்தி என்று பிரித்துக் காட்டுவது முதலில் வரும் மெல்லிய மெய்யொலிதான். அது கீச்சுச் சுருதியில் நிற்கிறது, அவவுக்கு அங்கேதான் குறைவு. கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருக்கும், மெய் அப்படியே அமுங்கிக் கிடக்கும், நீங்கள் ஏசுகிறீர்கள் என்றும் நினைப்பா. ரீவியை நிற்பாட்டி, முகம் தெரிய முன்னால் இருந்து, கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லுங்கோ. குசினிக்குள் நின்று கூப்பிட வேண்டாம்.

கேள்வி: முந்தநாள் விடிய எழும்பேக்க வலது காது அடைச்சிட்டுது. நோ இல்லை. அம்மா உள்ளி எண்ணெய் காய்ச்சி விடச் சொல்றா.

தம்பி, எண்ணெய் வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

குறும்பி அடைத்திருந்தால் பயமில்லை, எடுத்துவிடுவார்கள். ஆனால் நரம்புவழிக் கேட்டல் இப்படித் திடீரென்று விழுந்திருந்தால் அது அவசரம். ஸ்ரெரொயிட் மருந்து எவ்வளவு வெள்ளெனத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது, இரண்டு கிழமை தாண்டினால் பலன் நல்லாகக் குறையும். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகினால், குறும்பி என்றால் பொதுவாக அடைத்த பக்கம் சத்தம் பெருக்கும், நரம்பு என்றால் நல்ல காதுப் பக்கம் போகும். அதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், எந்தப் பக்கம் கேட்டாலும் போங்கோ. எண்ணெய் விட்டுப் பார்த்து ஒரு மாதம் கழித்து வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருப்பதில்லை.

கேள்வி: மகனுக்கு ஒண்டரை வயது. இன்னும் கதைக்கேல்லை. தட்டைத் தட்டினா திரும்புறான். மாமியார் "எங்கட குடும்பத்தில எல்லாரும் பிந்தித்தான் கதைச்சவை" எண்டுறா. நாங்கள் மச்சான் மச்சாள் கட்டினாக்கள்.

மாமியார் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை ரெஸ்ற் எடுத்துப் பார்த்தபிறகு நம்புவம். தட்டின் சத்தம் மிகப் பெரியது, நிழலும் அதிர்வும் சேர்ந்து போகும். பேச்சுச் சத்தம் கேளாத பிள்ளையும் அதற்குத் திரும்பும். பிறந்து 1 மாதத்துக்குள் முதற் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைவு உண்டா என்று உறுதிப்படுத்துவது, 6 மாதத்துக்குள் மெசின் அல்லது பயிற்சி என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. சொந்தத்துக்குள் கலியாணம், பிறந்தவுடன் கடும் செங்கமாரி, கனநாள் தீவிர சிகிச்சை என்று இருந்தால் இன்னும் கவனம். இதில் குற்றம் பிடிக்க ஒன்றுமில்லை, பார்க்க வேண்டிய காரணம் ஒன்று கூட இருக்கிறது, அவ்வளவுதான்.

நித்திரை கொள்ளும் நேரமாய்ப் பார்த்துக் கொண்டுவாங்கோ. நித்திரையிலேயே உட்காதின் எதிரொலியையும் நரம்பின் பதிலையும் எடுத்துவிடலாம், பிள்ளை ஒன்றும் சொல்லத் தேவையில்லை. குறைவு இருந்தாலும் வழி இருக்கிறது. மெசின், ஒப்பரேஷன் செய்து உட்காதில் பொருத்தும் கொக்லியர் கருவி, சைகை மொழி, கேளாத பிள்ளைகளும் படிக்கும் கைதடி நுஃபீல்ட் பாடசாலை என்று பலது. எதற்கும் வெள்ளென வர வேணும்.

கேள்வி (இணுவிலில் இருந்து): தவில் வாசிக்கிறன். கோயில் முடிஞ்சு வந்தா இரவிரவா காது கூவுது.

அண்ணை, அது காது தருகிற எச்சரிக்கை. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணித்தியாலம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100க்கு 15 நிமிடம்தான். தவிலோ உங்கள் மடியில் இருக்கிறது, திருவிழா மணித்தியாலக் கணக்கில் போகிறது. இப்படி அடிபடுகிற காதில் ஓடியோகிராம் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் கிட்டக் குழி விழும். பஞ்சு வைப்பது ஏமாற்று. இசைக்காரருக்கென்று வடிகட்டி உள்ள காதடைப்பான் இருக்கிறது, சுருதி கெடாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓடுகிறவர்களுக்குச் சாதாரண நுரை அடைப்பானே போதும்.

கேள்வி: 2009 இல ஷெல் கிட்ட விழுந்தது. அண்டைக்குத் தொடங்கின இரைச்சல் இன்னும் நிக்கேல்லை. குளிசை இருக்கோ?

இதை நிற்பாட்டுகிற குளிசை இல்லை. வெடியின் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும், பறை ஆறினாலும் உட்காதின் மெல்லிய மயிர்க்கலங்கள் திரும்ப முளைக்காது. ஆனால் இரைச்சலோடு கேட்டல் குறைவும் இருந்தால், மெசின் போட்டதும் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகும். இரவில் முழு அமைதி வேண்டாம், றேடியோவை மெல்லமாய் விடுங்கோ. இரைச்சலைவிட அந்த நாள் ஞாபகம்தான் நித்திரையைக் குழப்புகிறது என்றால் அதையும் சொல்லுங்கோ, மனநல டொக்டரிடம் சேர்த்து அனுப்புவோம். ஒரு காதில் மட்டும், அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேணும்.

கேள்வி: உயர்தரம் எடுத்திருக்கிறன். இதைப் படிக்க எங்க போறது?

களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்துக்கு 4 வருடப் பட்டம் இருக்கிறது, படிப்பு ஆங்கிலத்தில். அந்த வருடத் தகுதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கோ. பொறுமை இல்லாவிட்டால் வராதேங்கோ. தமிழில் கதைத்து ரெஸ்ற் எடுக்க ஆட்கள் வேணும், அதனால் வந்தால் சந்தோஷம்.

கேள்வி: மெசின் பற்றரி கெதியா முடியுது. கடைக்காரர் பழசைத் தாறாரோ?

இருக்கலாம், திகதியைப் பாருங்கோ. ஆனால் ஸ்ரிக்கரை உரித்த நிமிடத்திலேயே காத்துப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும், பிறகு திருப்பி ஒட்டிப் பலனில்லை. உரித்து ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கோ. இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உள்ள டப்பாவுக்குள் வையுங்கோ. எங்கள் வேர்வைக்கும் கடற்காற்றுக்கும் அது கட்டாயம். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய பற்றரியை மேசையில் விடாதேங்கோ. விழுங்கிவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான், வாழைப்பழம் தீத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.