குளிர்காலத்தில் வண்டியைப் பிரிப்பது

மதிப்பிற்குரிய ஐயா,

மோட்டார் சைக்கிள் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். என்னிடம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த பழைய வண்டி ஒன்று இருக்கிறது. குளிர்காலம் தொடங்கியதும் நண்பர்கள் எல்லோரும் தங்கள் வண்டிகளைப் போர்த்தி வைத்துவிட்டார்கள். நான் மட்டும் ஞாயிறுதோறும் விடியற்காலையில் கிளம்பி நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வருகிறேன். மற்ற நாள்களின் மாலைகள் வண்டியைப் பிரித்து மாட்டுவதிலேயே கழிகின்றன. மூன்று வாரங்களாகக் காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்டர் மோட்டார் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பற்றிக்கொள்வதில்லை. கார்புரேட்டரை இருமுறை கழற்றிச் சுத்தம் செய்தேன். அதில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டை ஓர் அளவு பெரியதாக மாற்றினேன். பெட்ரோல்-காற்று விகிதத்தை மாற்றும் கலவைத் திருகையும் சற்று நகர்த்தினேன். புது ஸ்பார்க் பிளக் போட்டேன். இப்போது காலையில் மட்டுமன்றி, நன்றாகச் சூடான பிறகும் வண்டி திணறுகிறது. எனக்குப் பிடித்திருப்பது ஓட்டுவதா, பிரிப்பதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. குளிர்காலம் முடியும்வரை வண்டியை நிறுத்திவைப்பதுதான் சரியா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நிறுத்திவைக்க வேண்டாம். சாலையில் பனிக்கட்டி படர்ந்திருக்கும் நாள்களை விட்டுவிட்டு மற்ற நாள்களில் ஓட்டுங்கள்.

ஓட்டுவதையும் பிரிப்பதையும் நான் இரண்டு வேலைகளாகப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் வண்டி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. வார நாள்களில் நாம் ஸ்பானரைக் கையில் எடுப்பது அதற்குப் பதில் தேடுவதற்காக. வண்டி எதையும் சொல்லாதபோது, அல்லது அது சொன்னதை நாம் சரியாகக் கேட்டுக்கொள்ளாதபோது பிரிக்கத் தொடங்கினால், நல்ல நிலையில் இருந்த ஒரு பாகத்தின் அமைப்பைக் கலைத்துவிட்டு, அதனால் வந்த கோளாறை அடுத்த வாரம் முழுவதும் தேடிக்கொண்டிருப்போம். உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே சமயத்தில் நான்கு மாற்றங்கள் செய்திருக்கிறீர்கள். அவற்றில் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று இனி அந்த வண்டியாலும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

வெயில் காலத்தில் வண்டி நம் அலட்சியங்களைப் பொறுத்துக்கொள்ளும். குளிரில் அப்படி இல்லை. லெட்-ஆசிட் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். உறைநிலையை நெருங்கும்போது அதன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே வேளையில் ஆயில் தடித்துப்போவதால் இன்ஜினைச் சுற்றுவதற்கு ஸ்டார்டர் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக மின்சாரம் தேவைப்படுகிறது. ஆயில் டப்பாவின் மேல் 10W-40, 5W-40 என்று போட்டிருப்பதில் W என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு சிறியதோ, அந்த அளவுக்குக் குளிரில் ஆயில் இளக்கமாக ஓடும். பெட்ரோலும் குளிரில் எளிதில் ஆவியாவதில்லை என்பதால்தான் கலவையில் பெட்ரோலைக் கூட்டிச் செறிவாக்கச் சோக் வைத்திருக்கிறார்கள். இப்படிக் கொடுப்பது குறைந்து கேட்பது கூடும் வேளையில், வெயில் காலம் முழுவதும் மறைந்திருந்த சிறு பலவீனம் ஒன்று வெளியே வந்துவிடுகிறது. குளிர்காலப் பயணத்தை நான் விரும்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். வண்டியின் உண்மையான நிலை அப்போதுதான் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. காலையில் ஸ்டார்டர் மோட்டார் சுற்றும், இன்ஜின் பற்றாது. நானும் முதலில் கார்புரேட்டரைத்தான் சந்தேகித்தேன். இரண்டு மாலைகள் அதைக் கழற்றி, ஜெட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதற்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தை அளந்து மீண்டும் மாட்டினேன். மூன்றாம் நாள் பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் போல்ட்டைத் தற்செயலாகத் தொட்டபோது விரலில் பச்சைப்பொடி ஒட்டியது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வயரின் வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே துருவும் பெயின்ட்டும் பூஞ்சை படர்ந்ததுபோல் பரவியிருந்தன. உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த இடம் ஒரு மிளகளவுகூட இருக்காது. மோட்டார் சுற்றும்போது இருக்கும் மின்சாரத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்ள, பிளக்குக்குப் போய்ச்சேரும் பொறி வலுவிழந்துபோனது. உப்புத்தாளால் அந்த இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, போல்ட்டை முறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினேன். மறுநாள் காலை முதல் அழுத்தத்திலேயே வண்டி பற்றிக்கொண்டது. கார்புரேட்டரில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

அதன் பிறகு நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தியதும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, வழியில் உணர்ந்ததை ஒரு சிறு நோட்டில் எழுதிவிடுவேன்: எந்த வேகத்தில் அதிர்வு வந்தது, எந்த கியரில் இழுவை குறைந்தது, பிரேக் லீவர் எவ்வளவு உள்ளே போனது. உடம்பு சூடேறி உட்கார்ந்த பிறகு எழுதினால், உணர்ந்ததோடு ஊகமும் கலந்துவிடும். அந்த வாரத்தில் நோட்டில் இருப்பதை மட்டுமே தொடுவேன். அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். மாற்றும் முன் பழைய அளவைக் குறித்துக்கொள்வேன்.

செயினை மட்டும் இந்த விதிக்கு வெளியே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதைப் பார்த்தாக வேண்டும், அதிலும் வண்டி வந்து நின்றவுடன் பார்க்க வேண்டும். ஓடிய சூடு இருக்கும்போது லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடித்தால்தான் அது கண்ணிகளுக்குள் இறங்கும். இரவெல்லாம் ஆறிய செயினில் அடித்தால் மேலேயே ஒட்டிக்கொண்டு மண்ணை வாரிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பழகிய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு தளர்ந்திருக்காது. எங்கோ ஓரிடத்தில் இறுகும். அந்த இறுகிய இடத்தில்தான் தளர்வை, அதாவது செயின் மேலும் கீழும் அசையும் தூரத்தை, அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. தளர்ந்த இடத்தை அளந்து இறுக்கிவிட்டால், இறுகிய இடம் வரும்போதெல்லாம் பேரிங் அடிவாங்கும்.

வார நாள்களில் வண்டியைக் கொட்டகையிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி இன்ஜின் முழுச்சூடு அடைந்தால்தான் வெளியேறும். அரைச்சூட்டில் அணைத்துவிட்டால் உள்ளேயே குளிர்ந்து நீராகி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் திரிந்ததுபோல் வெளுத்த பசை படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்வதற்குச் செலவான மின்சாரமும் அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்பிவருவதில்லை. வண்டியை எழுப்பினால் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தூங்கவிடுங்கள்.

ஓட்டுபவரின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றில் 10 டிகிரி இருக்கும் காலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மறைவில்லாத தோலுக்கு அது 4 டிகிரி அளவிலான குளிராகப் படும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. அந்த நிலை வருவதற்கு முன்பே நின்றுவிடுங்கள். டயரின் காற்றழுத்தம் ஒவ்வொரு ஐந்தரை டிகிரி வீழ்ச்சிக்கும் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும் என்பதால், கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள். நண்பர்கள் வண்டியைப் போர்த்திவிட்டதால் தனித்துப்போனதாக எண்ண வேண்டாம். எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற ஜெர்மானிய மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் 1956-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே சிலரைக் கூட்டினார். அப்போது பச்சை யானை என்று செல்லமாக அழைக்கப்பட்ட சுண்டாப் கே.எஸ். 601 வண்டியின் நினைவாக அதற்கு யானைகளின் சந்திப்பு என்று பெயர் வந்தது. இன்றும் பவேரியக் காட்டின் பனியில் கூடாரம் அடித்துத் தங்குவதற்காக ஆயிரக்கணக்கானோர் வண்டியிலேயே போகிறார்கள்.

இனி உங்கள் வண்டி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆகவே கலவை சற்று மெலியும், அதாவது அதில் பெட்ரோலின் பங்கு குறையும், என்று எண்ணிப் பெரிய ஜெட் போட்டிருப்பீர்கள். அந்த எண்ணம் தவறில்லை. ஆனால் அந்த வேறுபாடு சிறியது, வண்டி பற்றாமல் போவதற்கு அது காரணமாகாது. சூடான பிறகும் திணறுவது இந்த மாற்றத்தால் வந்த புதிய கோளாறாகவே எனக்குப் படுகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்று பொருள். பழைய ஜெட்டையே மாட்டி, கலவைத் திருகை மெல்ல முழுவதும் மூடி, கையேட்டில் சொன்ன சுற்றுக்குத் திறந்து வையுங்கள். அதன் பிறகு கார்புரேட்டரை மறந்துவிட்டு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். முழு சார்ஜ் ஏற்றி இரவெல்லாம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஸ்டார்டர் பட்டனை அழுத்தும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. சரியவில்லை என்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் (−) முனையிலும் மற்றதை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து மீண்டும் அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றித் தேய்த்தாக வேண்டும்.

ஞாயிறு காலை கிளம்பும் முன் இந்த மூன்று வோல்ட் அளவுகளையும், திரும்பிவந்த பின் பிளக்கின் நிறத்தையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அதுவரை வேறெந்தத் திருகையும் தொட வேண்டாம்.

அன்புடன்.