சத்தம் குறைந்தால் உடனே ட்யூப் வாங்க ஓடாதீர்கள்: கிட்டார் ஆம்ப் கேள்வி பதில்

கேள்வி: சார், என்னுடையது 50 வாட் ட்யூப் ஆம்ப், உள்ளே இஎல்34 என்கிற பவர் ட்யூப் இரண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் திடீரென்று கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகி, மறுபடி போய்விடுகிறது. பவர் ட்யூப் தேய்ந்துவிட்டதா? புது செட் வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள், பணத்தை எடுக்காதீர்கள். ட்யூப் தேய்வது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிற விஷயம், அது போய்ப் போய் வராது. விட்டுவிட்டு வருகிறது என்றாலே எங்கோ தொடர்பு சரியில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது பெடல்களை நடுவில் இணைக்க சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக், இருக்கிறதா? பல ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்குக்குள்ளேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நீங்கள் எதையும் செருகாதபோது சிக்னல் அந்தத் தகடு வழியாகத்தான் பவர் பகுதிக்குப் போகிறது. லூப்பைத் தொடவே தொடாதவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் அந்தத் தகடு வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து அழுக்கேறிக் கறுத்துப் போயிருக்கும். சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிள் போட்டுப் பாருங்கள். சத்தம் திரும்பினால் ஆள் பிடிபட்டுவிட்டான். ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு பிளக்கின் மேல் கான்டாக்ட் கிளீனர் அடித்து ரிட்டர்னில் பத்திருபது முறை செருகி எடுங்கள்.

கேள்வி: என் ஆம்ப் பழசு அண்ணா, லூப்பே கிடையாது. சத்தம் குறைந்ததோடு ‘ம்ம்’ என்கிற ஹம் இரைச்சலும் கூடிவிட்டது, சுத்தமான டோன்கூட கரகரக்கிறது.

பதில்: இங்கே ட்யூப் மேல் சந்தேகப்படலாம். இரண்டு பவர் ட்யூபும் அலையை ஆளுக்குப் பாதியாக மாறிமாறிக் கையாளும் அமைப்பில், மின்சப்ளையிலிருந்து வரும் ஹம்மின் பெரும்பகுதி அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்து இல்லாமல் போய்விடும். ஒரு ட்யூப் படுத்துவிட்டால் அந்தச் சமன் கெட்டு ஹம் மேலே வரும், கரகரப்பும் சேரும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், இரண்டிலும் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். கண்ணாடியின் உட்புறம் பளபளவென்று ஒரு வெள்ளிப் பூச்சு இருக்குமே, அது பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அந்த ட்யூப் அவ்வளவுதான்.

இரண்டும் எரிகிறதென்றால் அணைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். குறை ட்யூபோடு போனால் ட்யூப் கோளாறு. அதே சாக்கெட்டில் நின்றால் சாக்கெட்டோ, ட்யூபின் ஸ்கிரீன் முனைக்குப் போகும் ரெசிஸ்டரோ போயிருக்கும், புது ட்யூப் போட்டாலும் பயனில்லை.

இன்னொன்று. பவர் பாதியானால் சத்தம் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 50 வாட் 25 ஆனால் குறைவது வெறும் 3 டெசிபல், காதுக்கு அது ‘கொஞ்சம் இறங்கியிருக்கிறதோ’ என்கிற அளவுதான். ஆகவே அறையில் பேசுகிற குரல் அளவுக்குச் சத்தம் விழுந்துவிட்டதென்றால் அதைத் தேய்மானம் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: ட்யூப் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களே?

பதில்: விற்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அடிக்கடி மேடையில் முழு வால்யூமில் வாசிப்பவருக்குப் பவர் ட்யூப் ஒன்றிரண்டு வருடத்தில் களைத்துப் போகலாம், வீட்டில் வாசிப்பவருக்குப் பல வருடம் வரும். தேய்ந்தால் அடிநாதம் தொளதொளவென்றாகி, அழுத்தி அடித்தாலும் சுள்ளென்று வராது. சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 போன்ற ப்ரீஆம்ப் ட்யூப்கள் மிகக் குறைந்த கரண்டில் ஓடுகிறவை, அவற்றைத் தேவையில்லாமல் மாற்றாதீர்கள். நன்றாக வேலை செய்யும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்தால் குறை எதில் என்று தெரிந்துவிடும், பயாஸ் (வாசிக்காதபோது ட்யூபில் ஓடும் கரண்டின் அளவு) பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பென்சிலால் மெல்லத் தட்டினால் லேசாக டிக் என்று கேட்பது சகஜம், கணீரென்று மணி மாதிரி இழுத்தால்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: பவர் ட்யூப் மாற்றினால் பயாஸ் நானே செட் பண்ணலாமா ப்ரோ?

பதில்: உள்ளே 400, 500 வோல்ட் வரை டிசி ஓடுகிறது, வயரைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதை எப்படி இறக்குவது, இறங்கிவிட்டதா என்று மீட்டரில் எப்படிப் பார்ப்பது, இந்த இரண்டும் தெரியாதவர் சேஸியைத் திறக்கவே கூடாது. கணக்கு என்னவோ சுலபம்தான்: இஎல்34-இன் பிளேட் தாங்கும் உச்சவரம்பு 25 வாட், பயாஸுக்கு அதில் 70 சதவீதம் எடுத்தால் 17.5 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ட்யூபுக்குச் சுமார் 39 மில்லிஆம்ப். கேத்தோடு வழியாக அளந்தால் ஸ்கிரீன் கரண்டும் சில மில்லிஆம்ப் சேர்ந்தே வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பயாஸ் தானாகவே அமைந்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் வகை ஆம்ப் என்றால் பொதுவாகத் திருகுவதற்கு ஒன்றுமே இருக்காது, பொருத்தமான ஜோடியைப் போட்டால் போதும்.

கேள்வி: ட்யூப் உள்ளே நீலமாக ஒளிர்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: கண்ணாடியை ஒட்டித் தெரியும் நீலம் ஒன்றும் செய்யாது. நடுவில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ புகை மாதிரி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சாம்பல் நிற பிளேட்டே சிவக்க ஆரம்பித்தால் யோசிக்காமல் அணையுங்கள்.

கேள்வி: எல்லா ட்யூபும் புதுசு, சத்தம் மட்டும் இன்னும் அதே குறைவுதான். என்ன செய்வது?

பதில்: பெடல் எல்லாவற்றையும் கழற்றி, வேறு கேபிளில், நேராக ஆம்பில் வாசித்தீர்களா? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். அதிலும் மாறவில்லையென்றால், லூப் இருந்தால், வால்யூம் ஏற்றிய ஒரு பெடலை நேராக ரிட்டர்னில் செருகுங்கள்: அங்கே பலமாகக் கேட்டால் குறை ப்ரீஆம்ப் பக்கம், அங்கேயும் சோர்ந்திருந்தால் பவர் பகுதியோ ஸ்பீக்கரோ. ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் கேபிளை ஆம்பிலிருந்து உருவி, அதன் பிளக்கை மல்டிமீட்டரால் அளங்கள். 8 ஓம் பெட்டி என்றால் 6, 7 காட்டும், 14 போல் காட்டினால் உள்ளே ஒரு ஸ்பீக்கரோ வயரோ விட்டுப் போயிருக்கலாம். அளந்து முடித்ததும் கேபிளை மறக்காமல் திரும்பச் செருகுங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் ட்யூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.