ஒன்றரை சென்ட்டில் கான்கிரீட் வீடு

கேள்வி: குன்னூரில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒன்றரை சென்ட் இடம் இருக்கிறது. ஜப்பானில் கட்டுவதுபோல பூச்சில்லாத கான்கிரீட் வீடு கட்டலாமா சார்?

பதில்: தாராளமாகக் கட்டலாம்மா. ஜப்பானின் ஒசாகா நகரில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-ல் கட்டிய சுமியோஷி வீட்டு மனை அதைவிடச் சின்னது. சுமார் 57 சதுர மீட்டர்தான். தெருப்பக்கம் வாசல் உண்டு, ஜன்னல் கிடையாது. வீட்டை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை முற்றமாகத் திறந்துவிட்டார். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான். எனக்கு மிகவும் பிடித்த வீடு. ஆனால் படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு மழையிலும் முற்றத்தைக் கடந்தாக வேண்டும். குன்னூரின் ஐப்பசி மழைக்கு அது சரிவராது. ஓரமாகக் கூரை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வெறும் கான்கிரீட் சுவர் நம் குளிரில் ஜில்லிட்டு, ஈரம் கோத்து, பூஞ்சை பிடிக்கும். படுக்கையறைச் சுவரில் உட்புறம் குளிர்தாங்கும் அட்டை வைத்து, மேலே மரப்பலகை அடியுங்கள். பூச்சு இல்லாததால், கான்கிரீட் ஊற்ற அச்சாக அடிக்கும் சென்ட்ரிங் பலகையின் ஒவ்வொரு இடுக்கும் சுவரில் தெரியும். அந்த இடுக்கு வழியே சிமென்ட் பால் ஒழுகினால் ஜல்லி பல்லிளிக்கும். நல்ல சென்ட்ரிங் ஆசாரி கிடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.