பல் கறுத்தது லாரியாலா, திருகாணியாலா?

கேள்வி: தொப்பூர் கணவாயில் லாரி மோதி என் கீழ்த்தாடை முறிந்தது. தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈறு வழியாக எலும்பில் திருகாணிகள் போட்டு, இரு தாடைகளையும் கம்பியால் கட்டினார்கள். அவற்றை எடுத்த பிறகு கோரைப்பல் கறுத்துவிட்டது. வேரில் துளை இருப்பதாக வேறொரு பல் மருத்துவர் சொல்கிறார். கேட்கப் போனால் டாக்டர் எரிந்து விழுகிறார். விபத்து வழக்கும் நடக்கிறது. மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா?

பதில்: டாக்டர் எரிந்து விழுந்ததை விட்டுவிடுங்கள், அதற்கு எந்த நுகர்வோர் ஆணையமும் இழப்பீடு தராது. வேரில் துளை விழுந்தது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. இரண்டு வேர்களுக்கு நடுவே உள்ள குறுகலான எலும்பில் துளையிடும் வேலை அது, கைதேர்ந்தவருக்கும் நேரக்கூடியது. இந்த அபாயத்தை முன்பே சொன்னார்களா என்ற கேள்விக்கு நோயாளிக்கு விவரம் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2008 சமீரா கோலி தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் வழக்கின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: பல்லைக் கெடுத்தது லாரியா, திருகாணியா?

அடிபட்ட பல் திருகாணியே படாமலும் மாதங்கள் கழித்துக் கறுக்கும். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் சொல்லும்.

என்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர்கள் சறுக்கி விழுந்த இடம் இதுதான். விபத்து மனுவில் காயங்களை அடுக்கும்போது, தொகை கூடட்டும் என்று 'பல் பாதிப்பு' என ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். பிறகு நுகர்வோர் ஆணையத்தில் அதே பல்லைத் திருகாணி கெடுத்தது என்கிறார்கள். மருத்துவமனையின் வக்கீல் அந்த மனுவின் சான்றிட்ட நகலை எடுத்து வந்து, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்பார். அதோடு வழக்கு முடிந்தது. உங்கள் மனுவை இன்றே எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

அடுத்தது, வலி தாங்காமல் பல்லைப் பிடுங்கிவிடுவது. பிடுங்கிய பல்லோடு சாட்சியமும் போகிறது. திருகாணி போடும் முன்பும், போட்ட பின்பும், இப்போதும் எடுத்த எக்ஸ்-ரே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் துளை எப்போது விழுந்தது என்று நிபுணர் சொல்ல முடியும். பழைய படங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஒரு பல்லுக்காக ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம். வேர் சிகிச்சைக்கும் பல் மேல் போடும் உறைக்கும் ஆகும் செலவை மருத்துவமனை தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து பல் நிற்கிறதா என்று தெரியும்வரை 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு நிற்காது. அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.