பேப்பரில் கொள்ளை, எஃப்.ஐ.ஆரில் திருட்டு

கேள்வி: திருமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். மாட்டுப்பொங்கலுக்கு லீவு விட்டு மறுநாள் காலை திறந்தால், 31 போன்களும் கல்லாவில் இருந்த 18,000 ரூபாயும் காணோம். ஷட்டர் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆறு மாதம் முன்பு வேலையை விட்டு நின்ற பையனிடம் ஒரு சாவி உண்டு, திருப்பி வாங்க மறந்துவிட்டேன். பின்கதவுத் தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடந்தது. பேப்பரில் ‘கடையில் கொள்ளை’ என்று போட்டார்கள். எஃப்.ஐ.ஆரிலோ திருட்டு என்றுதான் இருக்கிறது. பிரிவு 331(4), 305. ஸ்டேஷனில் கேஸைக் குறைத்துவிட்டார்கள் என்கிறார் என் மைத்துனர். இன்சூரன்ஸ் கம்பெனி ‘பூட்டு உடைக்கப்படவில்லை, வெறும் திருட்டுக்கு பர்க்லரி பாலிசியில் பணம் இல்லை’ என்று கடிதம் அனுப்பிவிட்டது. எஃப்.ஐ.ஆரில் கொள்ளை என்று மாற்றினால் பணம் வருமா?

பதில்: வராது. மாற்றவும் வேண்டாம், மாற்றவும் மாட்டார்கள்.

ஆளில்லாத வீட்டில் நகை போனாலும், கோயில் உண்டியல் போனாலும் பேப்பரில் அது கொள்ளைதான். சட்டம் அப்படிப் பேசாது. ஒருவரை அடித்தோ, மறித்தோ, கத்தியைக் காட்டியோ பொருளைப் பறித்தால்தான் கொள்ளை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 309. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அதைச் செய்தால் கூட்டுக் கொள்ளை, பிரிவு 310. உங்கள் கடையில் அன்றிரவு மிரட்டுவதற்கு ஆளே இல்லை. பத்துப் பேர் லாரியோடு வந்து அள்ளிப் போயிருந்தாலும் அது கொள்ளை ஆகாது.

நடந்ததற்குப் போலீஸ் வைத்திருக்கும் பெயர் கன்னக்களவு. சுவரில் கன்னக்கோலால் துளை போட்டு நுழைந்த காலத்துச் சொல். இன்றைக்கும் ஸ்டேஷன் கணக்கில் பகல் கன்னக்களவு, இரவு கன்னக்களவு என்றே எழுதுகிறார்கள். உங்கள் எஃப்.ஐ.ஆரில் உள்ள 331(4) இரவில் பூட்டிய இடத்துக்குள் புகுவதற்கு உரியது. திருடுவதற்காகப் புகுந்தால் 14 வருடம் வரை தண்டனை. சாதாரணக் கொள்ளைக்கு அதிகபட்சம் 10 வருடம்தான். கேஸைக் குறைத்துவிட்டார்கள் என்ற உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி இன்சூரன்ஸ். சிக்கல் இங்கேதான். குற்றச் சட்டத்தில் ‘உடைத்தல்’ என்பதற்குப் பொருள் மிக விரிவானது. தொலைந்த சாவியைக் கண்டெடுத்தவன் அதே சாவியால் கதவைத் திறந்து நுழைந்தாலும் அது வீடுடைத்தல்தான் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் 445-ஆம் பிரிவிலேயே உதாரணம் கொடுத்திருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட வேண்டியதில்லை. ஆனால் பாலிசி தனி ஒப்பந்தம். அதில் பர்க்லரி என்றால் என்னவென்று எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். பலவந்தமாக நுழைந்திருக்க வேண்டும் என்று பாலிசி வாசகம் கேட்டால், பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஷட்டரை மட்டும் வைத்து வாதாடினால் உங்கள் கேஸ் பலவீனம். ஆனால் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பின்கதவுத் தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடந்தது.’ தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பது. முன்னால் சாவி போட்டு வந்தவன், பின்னால் நெம்பிக்கொண்டு போயிருக்கிறான் போலிருக்கிறது. பாலிசி புத்தகத்தைப் பிரித்து விளக்கப் பகுதியைப் படியுங்கள். பல பர்க்லரி பாலிசிகளில் பலவந்தமாக ‘உள்ளே நுழைவது அல்லது வெளியேறுவது’ என்றுதான் இருக்கும். உங்களுடையதிலும் ‘வெளியேறுவது’ இருந்தால், கம்பெனி நுழைந்ததைப் பற்றி மட்டுமே பதில் எழுதியிருக்கிறது. வெளியேறியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

போலீஸ் கடையைப் பார்வையிட்டு எழுதிய பார்வை மகஜரில் தாழ்ப்பாள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மகஜர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் நகல் மனு போடலாம். வராமல் இருந்தால் இன்ஸ்பெக்டரிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள், பூட்டும் உடைந்திருந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் முழு க்ளெய்மும் போய்விடும். சாவிப் பையன் விஷயத்தையும் போலீசிடம் மறைக்காதீர்கள். வேலையாட்கள் கைவைத்தால் பணம் இல்லை என்று பாலிசியில் ஒரு விலக்கு இருக்கும். வேலையை விட்டுப் போனவர் அதில் அடங்குவாரா என்பது அந்த வரியின் வாசகத்தைப் பொறுத்தது. அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, மறுபடியும் மறுத்தாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடை உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால் தடையில்லை, கட்டணமும் இல்லை. அல்லது இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் குறைதீர்ப்பாளரைத்தான் சொல்வேன், வாய்தாவுக்கு அலைய வேண்டாம்.

பழைய தாழ்ப்பாள் இப்போது எங்கே? புதிது போட்ட ஆசாரி தூக்கி எறிந்திருந்தால் அவருடைய பில்லையும், அன்று காலை போனில் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். திருகாணி பிய்ந்த ஓட்டைகள் மரக்கதவில் இன்னும் இருக்கும். மக்கு பூசிப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.