தரமிறங்க முடியாதவரின் முழங்கால்கள்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாக ஜப்பானின் சுமோ தொடர்களைத் தவறாமல் பார்த்து வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தவர் மங்கோலியாவிலிருந்து வந்து உச்சப் பட்டமான யோகோசுனாவை அடைந்த தெருனோஃபுஜி. 2024 ஜூலையில் பத்தாவது முறையாகத் தொடரை வென்றதும் அவர் விடைபெற்றுவிடுவார் என்று எண்ணினேன். ஆனால் அடுத்த இரண்டு தொடர்களுக்கும் வராமலிருந்துவிட்டு, 2025 ஜனவரியில் இரண்டு முழங்கால்களிலும் தடித்த கட்டுகளோடு களமேறி, ஐந்தாம் நாளில் விலகி, ஓய்வை அறிவித்தார். அவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு முழங்கால் எப்படி ஆறும்? மருத்துவர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா? எடையைக் குறைத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஆடியிருக்கலாம் அல்லவா? அல்லது, உடல் ஒத்துழைக்காது என்று தெரிந்தபோதே ஏன் விலகவில்லை? கட்டுப்போட்ட காலோடு அவர் வென்றபோதெல்லாம் கைதட்டிய எனக்கும் இதில் பங்குண்டோ என்று இப்போது உறுத்துகிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கவலையை நீங்கள் தெருனோஃபுஜியின் உடலின் மீதும் அவருடைய முடிவுகளின் மீதும் வைத்திருக்கிறீர்கள். நான் அதை அவர் இருந்த பதவியின் விதிகள் மீது வைக்க விரும்புகிறேன்.

எடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில்முறைச் சுமோவில் எடைப் பிரிவுகள் கிடையாது. முதற்பிரிவு மல்லர்களின் சராசரி எடை இன்று ஏறத்தாழ 160 கிலோ. 192 சென்டிமீட்டர் உயரமுள்ள தெருனோஃபுஜி 180 கிலோவை ஒட்டி இருந்தார் என்பது அந்தக் களத்தின் அளவுகோலில் மிகையே அல்ல. தொடக்க மோதலில் இரண்டு உடல்கள் முழு வேகத்தில் முட்டிக்கொள்ளும்போது பின்னுக்குத் தள்ளப்படாமல் நிற்பதற்கு அந்த எடை தேவை. அதே எடைதான் கால் பிசகும் நொடியில் முழங்காலின் தசைநாரை அறுக்கிறது. சாதாரணமாக நடக்கும்போதே முழங்கால் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது என்னும்போது, களிமண் மேடையின் விளிம்பில் எதிராளியின் 160 கிலோவும் சேர்ந்து மேலே சரிகையில் என்ன நிகழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு அந்த மேடை தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. சுற்றிலும் மெத்தைகூடக் கிடையாது. தோற்பவர் அங்கிருந்துதான் கீழே விழுகிறார்.

எடை குறைந்த உடலோடும் சாதிக்க முடியும் என்பதற்குச் சியோனோஃபுஜியைக் காட்டுவார்கள். அடிக்கடி நழுவிய தோள்மூட்டைச் சுற்றித் தசையை வளர்த்துக்கொண்டு, 120 கிலோவைச் சற்றே தாண்டிய உடலோடு 31 தொடர்களை வென்று, 1991இல் 35 வயதில் ஓய்வு பெற்றவர் அவர். நான் மிகவும் மதிக்கும் மல்லர். ஆனால் அவர் காலத்து எதிராளிகள் இன்றைய எதிராளிகளைவிட எடை குறைந்தவர்கள் என்பதையும், அவருக்கு நழுவியது தோள், முழங்கால் அல்ல என்பதையும் மறந்துவிட்டு அவரை எல்லோருக்கும் முன்மாதிரியாக்க முடியாது.

காயம்பட்ட மல்லருக்கு எடையைக் குறைப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றாடம் காலையில் வெறும் வயிற்றோடு பல மணி நேரம் காலை உயர்த்தி மிதித்தும், பாதத்தை மண்ணில் தேய்த்து நகர்ந்தும், மோதியும் பயிற்சி செய்வதால்தான் மல்லர்கள் உண்ணும் பெருந்தீனி உடலில் தசையாகவும் தோலடிக் கொழுப்பாகவும் தங்குகிறது. முழங்கால் போனால் முதலில் நிற்பது இந்தப் பயிற்சிகள்தாம். பயிற்சி நின்றபின் உணவைக் குறைத்தால் கொழுப்போடு தொடைத் தசையும் கரைகிறது. குறைக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. தொடைத் தசை கரைந்த கால் அடுத்த மோதலில் மூட்டைக் காக்காது. சர்க்கரை ஏறிய உடலில் புண் ஆறத் தாமதமாகும். தெருனோஃபுஜி இந்த இரண்டு பக்கத்து அடியையும் வாங்கியவர். 2015 மே மாதம் முதல் பட்டத்தை வென்று இரண்டாம் உயர்நிலையான ஓசெகிக்கு ஏறினார். அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கால் பழுதானது. பிறகு மற்ற முழங்காலும் கெட்டது. அதன்மேல் நீரிழிவும் கல்லீரல் அழற்சியும் சேர்ந்தன. இளமையில் எதிராளியின் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, வெளியிலிருந்து இறுக்கிப் பூட்டி, வெறும் பலத்தால் தூக்கி எறிவது அவர் வழக்கம். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு உடல்களின் பாரமும் வளைந்த முழங்கால்களில் இறங்குகிற முறை அது.

இனி நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். 2017 இலையுதிர்காலத்தில் அவர் ஓசெகி நிலையை இழந்தார். அங்கிருந்து முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, சம்பளமே இல்லாத மூன்றாம் பிரிவு என்று இறங்கிக்கொண்டே போனார். ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்று பலமுறை கேட்டும், அவருடைய ஆசானான இசெகஹாமா, முன்னாள் யோகோசுனா அசாஹிஃபுஜி, முதலில் உடம்பைத் தேற்று, பிறகு பேசலாம் என்று மறுத்துவிட்டார். இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்தது. தொடர்ந்து நான்கு தொடர்களில் அவர் களத்துக்கே வரவில்லை. 2019 மார்ச்சில் திரும்பியபோது ஆறு பிரிவுகளில் கீழிருந்து இரண்டாவதில் நின்றார். முன்னாள் ஓசெகி ஒருவர் அவ்வளவு கீழே போய் மோதியது அதற்கு முன் நடந்ததில்லை. அங்கிருந்து ஏறி, 2020 ஜூலையில் முதற்பிரிவின் கடைசிப் படிகளில் இருந்தபடியே தொடரை வென்று, 2021 ஜூலைத் தொடர் முடிந்ததும் 73ஆவது யோகோசுனா ஆனார். திரும்பி வந்தவரின் ஆட்டமும் மாறியிருந்தது. எதிராளியை உள்ளே விடாமல், தாழ்ந்து நெருங்கி, அரைக்கச்சையைப் பிடித்துப் பொறுமையாக வென்றார்.

இந்த மீட்சியை மனவுறுதியின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். உறுதி இருந்தது உண்மை. ஆனால் அந்த மீட்சிக்கு அவசியமாக இருந்த இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: அவரால் தரமிறங்க முடிந்தது. தோற்க, வராமலிருக்க, பெயர் பட்டியலின் அடிக்குப் போக, மூட்டு ஆறும்வரை காத்திருக்க அவருக்கு வழி இருந்தது. அவமானம் மிகுந்த வழிதான். ஆனாலும் அது ஒரு வழி.

அவர் ஓசெகி நிலையை இழந்த ஆண்டில் நடந்த இன்னொன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 ஜனவரித் தொடருக்குப் பின் 72ஆவது யோகோசுனா ஆன கிசெனோசாடோ, மார்ச்சில் ஒசாகாவில் பதின்மூன்றாம் நாள் இடது மார்பிலும் தோளையொட்டியும் கடுமையாகக் காயமடைந்தார். விலகியிருக்க வேண்டியவர் விலகாமல், இறுதி நாளில் ஒரே எதிராளியை அடுத்தடுத்து இரண்டு முறை வீழ்த்திப் பட்டத்தை வென்றார். அந்த எதிராளி, ஏற்கெனவே முழங்கால் பழுதுபட்டிருந்த தெருனோஃபுஜி. ஜப்பான் முழுதும் கிசெனோசாடோவைக் கொண்டாடியது. அதன்பின் தொடர்ந்து எட்டுத் தொடர்களில் முழுதாகவோ பாதியிலோ அவர் விலக நேர்ந்தது; யோகோசுனாக்கள் குறித்துச் சுமோ சங்கத்துக்கு ஆலோசனை கூறும் குழு அவரை ஊக்கப்படுத்தித் தீர்மானம் போட்டது; 2019 ஜனவரியில் முதல் மூன்று நாளும் தோற்று, 32 வயதில் ஓய்வை அறிவித்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் தெருனோஃபுஜி கீழிருந்து இரண்டாவது பிரிவில் மறுபடி களமேறினார். இரண்டு பேருமே பெருங்காயம் பட்டவர்கள். ஒருவர் இறங்கிப் போய் ஆறி வந்தார். மற்றவர் யோகோசுனா, யோகோசுனாவைத் தரமிறக்க விதி இல்லை. வெல்ல வேண்டும், அல்லது விலக வேண்டும். மூன்றாவது ஒன்று அவருக்கு வைக்கப்படவில்லை.

தரமிறங்காமை ஒரு சலுகை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நான் அதைச் சலுகையாக எண்ணவில்லை. யோகோசுனாவாக இருந்த 21 தொடர்களில் தெருனோஃபுஜி 13இல் முழுதாகவோ பாதியிலோ வரவில்லை. முடித்த எட்டுத் தொடர்களில் ஆறை வென்றார். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடரின் பதினைந்து நாளும் நின்றால் வெல்லக்கூடிய திறமை கடைசிவரை இருந்தது. பதினைந்து நாளும் நிற்கக்கூடிய மூட்டு இல்லை. 2022 அக்டோபரில் மீண்டும் இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 2023 மே மாதம் திரும்பி வந்தபோது பட்டத்தோடு வந்தார். தேவையான காலம் கிடைத்தபோது என்ன செய்தார் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு தொடர்கள், இரண்டு மாதத்துக்கு ஒன்று, இடையிடையே ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் என்னும் அட்டவணையில் அறுந்த தசைநார் ஒன்று முழுதாக ஆறப் பல தொடர்கள் கடந்துவிடும். அத்தனை தொடரிலும் யோகோசுனா எங்கே என்ற கேள்வி செய்தித்தாள்களில் எழும்.

இதற்கு ஒரு காலத்தில் பாதி மருந்தாவது இருந்தது. 1972 முதல் 2003 முடிய, களத்தில் காயமடைந்தவர் அடுத்த தொடரில் கலந்துகொள்ளாவிட்டாலும் அவர் தரவரிசை குறையாது என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. பலர் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், தொடருக்கு வருவோர் குறைகிறார்கள் என்று சங்கம் அதை நீக்கிவிட்டது. நீக்கியதன் விளைவை நாம் ஒவ்வொரு தொடரிலும் பார்க்கிறோம்: ஒரு படி இறங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் ஆறாத காலோடு களமேறுகிறவர்கள். சங்கத்தைச் சாராத மருத்துவர்கள் சான்றளிக்கும் முறையோடு அந்த ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். யோகோசுனாவுக்கும், குழுவின் எச்சரிக்கைகள் ஏதுமின்றி, மருத்துவர் குறிக்கும் காலம்வரை விடுப்புத் தர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மருத்துவர்களின் குரல் அங்கே எவ்வளவு மெலிந்தது என்பதை 2021 மார்ச்சில் கண்டோம். ஹிபிகிர்யூ என்ற இளம் மல்லர் தலை மோத விழுந்து அசைவற்றுக் கிடந்தபோது, அவருக்கு உதவி வந்து சேரப் பல நிமிடங்களாயின. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. கீழ்நிலை மல்லர் அடிபட்டால் வருமானத்தையே இழக்கிறார். யோகோசுனா வராத மாதத்திலும் சம்பளம் பெறுகிறார். அவர் பெயருக்காகவே நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் வெறுங்களத்தைப் பார்த்துத் திரும்புகிறார்கள். 1950 ஜனவரியில் மூன்று யோகோசுனாக்கள் ஒரே தொடரில் விலகியபோது எழுந்த கோபத்திலிருந்துதான் அந்த ஆலோசனைக் குழுவே பிறந்தது. ஆனால் எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய அந்தக் கோபத்துக்கு இன்றைய மூட்டுகள் விலை கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

பத்தாவது பட்டத்தோடு ஏன் விலகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பத்துப் பட்டம் வெல்வதே இலக்கு என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தவர், அது நிறைவேறியும் விட்டது. பிழைப்புக்காகவும் அவர் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஜப்பானியக் குடியுரிமை பெற்றுவிட்டதால் ஓய்வுக்குப் பின் ஆசானாகச் சங்கத்திலேயே இருக்கும் தகுதி அவருக்கு இருந்தது. நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம் இது: இன்னொரு யோகோசுனாவான ஹகுஹோ 2021 செப்டம்பரில் ஓய்வு பெற்றதிலிருந்து தெருனோஃபுஜி ஒருவரே யோகோசுனாவாக இருந்தார். அவர் போனால் தொடரின் நாள்தோறும் நடக்கும் யோகோசுனாவின் களமேறு சடங்கை நடத்த ஆளில்லை. அடுத்தவர் வரும்வரை அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்ற கடமையுணர்வு அவரைப் போன்ற ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருந்தால் வியப்பில்லை. அவர் விலகிய அதே தொடரை வென்ற ஹோஷோர்யூ 74ஆவது யோகோசுனா ஆனார்.

கைதட்டியதைப் பற்றி. 2001 மே மாதத்தில் யோகோசுனா தகானோஹானா, முந்தைய நாள் வலது முழங்கால் குலைந்த நிலையில், இன்னொரு யோகோசுனாவான முசாஷிமாருவைப் பட்டத்துக்கான தனி மோதலில் வீழ்த்தினார். பரிசளித்த பிரதமர் கொய்சுமி, வலியைத் தாங்கிச் சாதித்ததற்காக அவரை உணர்ச்சிப் பெருக்கோடு பாராட்டினார். அடுத்த ஏழு தொடர்களில் தகானோஹானா களத்துக்கே வரவில்லை. மறுபடி ஒரு பட்டமும் வெல்லாமல் 2003 ஜனவரியில் 30 வயதில் விடைபெற்றார். நம் கைதட்டலுக்கு இந்த வரலாற்றில் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆர். வலியோடு வென்றதைப் பெருமைப்படுத்தும் ஒவ்வொரு முறையும், வலியோடு வராமலிருக்கும் அடுத்தவரைக் கோழையாக்கும் பேச்சுக்கு நாம் இடம் தருகிறோம். நீங்கள் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஒருவர் விலகினார் என்ற செய்தி வரும்போது, அதையும் சரியான முடிவென்று பாராட்டுங்கள்.

அதற்கான சந்தர்ப்பமும் வந்துவிட்டது. ஹோஷோர்யூ, யோகோசுனாவாகத் தம் முதல் தொடரிலேயே, 2025 மார்ச்சில், காயத்தால் பத்தாம் நாள் விலகினார். புதிய யோகோசுனா ஒருவர் அறிமுகத் தொடரிலேயே விலகுவது 39 ஆண்டுகளில் அதுவே முதல் முறை என்று உடனே எழுதினார்கள். ஜூலையில் கால்விரல் காயத்தால் ஐந்தாம் நாள் மறுபடி விலகினார். அவருக்கு அப்போது வயது 26. இரண்டு முறையும் அவர் செய்தது சரி என்று நான் எண்ணுகிறேன்.