வாசகர் கேள்வி: உரக்குவியலில் நெளிந்தது பாம்பா, பல்லியா?

கேள்வி: தோட்டத்து உரக்குவியலைக் கிளறும்போது வெண்கல நிறத்தில் பளபளவென்று, இரண்டு சாண் நீளத்தில் பாம்பு மாதிரி ஒன்று நெளிந்து உள்ளே போய்விட்டது. காலில்லாப் பல்லியாக இருக்கும், பார்த்ததை ஆய்வாளர்களுக்குப் பதிவு செய்து அனுப்பு என்கிறார்கள். அபூர்வமான உயிரினம் என்றால் சரி, தோட்டத்தில் அடிக்கடி தென்படுவதை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

பதில்: அடிக்கடி தென்படுகிறது என்பதற்காகவே பதிவு செய்யுங்கள். அபூர்வமானதை யாராவது தேடிப்போய் எழுதி வைத்துவிடுவார்கள், ஆனால் சாதாரணமாகத் திரிகிற ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனால், முன்பு எங்கெல்லாம் இருந்தது என்று எழுதி வைக்காத வரை அந்தக் குறைவே கண்ணுக்குத் தெரியாது. அதுவும் வீட்டுத் தோட்டங்களுக்குள் ஆய்வாளர்கள் நினைத்தபோது நுழைய முடியாது.

முதலில் அடையாளம். தொடாமல், பக்கவாட்டில் தலை தெரிகிற மாதிரி படம் எடுங்கள். ஐரோப்பாவில் தோட்டங்களில் பரவலாக இருக்கும் காலில்லாப் பல்லிக்கு இமை உண்டு, கண் சிமிட்டும், பாம்பு சிமிட்டாது. பாம்புக்கு இல்லாத காதுத் துளையைப் பார் என்று பலர் சொல்வார்கள், ஆனால் இந்த இனத்தில் அது பெரும்பாலும் செதிலுக்குள் மறைந்திருக்கும், அதை நம்பி முடிவுக்கு வராதீர்கள். ஆஸ்திரேலியாவின் காலில்லாப் பல்லிகளில் கதை தலைகீழ்: அவை சுவரில் திரியும் பல்லி (கெக்கோ) வகைக்கு நெருங்கிய உறவு, சிமிட்டும் இமை கிடையாது, அங்கே பெரும்பாலானவற்றில் காதுத் துளையும், பின்னங்கால் இருந்த இடத்தில் சின்ன மடலும்தான் அடையாளம். எதுவென்று தெரியாவிட்டால் 'உறுதியில்லை' என்று எழுதுங்கள். படத்தோடு வரும் 'உறுதியில்லை' தப்பான பெயரைவிட எவ்வளவோ மேல். விஷப்பாம்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் தள்ளி நின்றே எடுங்கள்.

அப்புறம் தேதி, நேரம், துல்லியமான இடம், எத்தனை, உயிரோடா செத்ததா, எதன் அடியில் இருந்தது. பூனை கவ்வி வந்தது, புல்வெட்டியில் அடிபட்டது, சாலையில் நசுங்கியது எல்லாமே பதிவுதான், வருத்தமாக இருந்தாலும் அனுப்புங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் செயலியில் ஏற்றுவதென்றால் உங்கள் போனில் எடுத்த மூலப்படத்தையே ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் இடமும் நேரமும் அழிந்துபோயிருக்கும். வீட்டு விலாசம் வெளியே தெரிய வேண்டாம் என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியும் அதில் இருக்கிறது.

கேள்வி: நான் பார்த்ததற்கு வால் மொட்டையாக இருந்தது. அதையும் எழுதவா?

பதில்: கட்டாயம். ஆபத்து என்றால் வாலைத் துண்டித்துவிட்டுத் தப்புவது இவற்றின் வழக்கம், திரும்ப வளரும் வால் பழையபடி நீளமாக இருக்காது. மொட்டை வால்கள் ஒரே தோட்டத்தில் நிறையத் தென்பட்டால் அங்கே அவற்றைப் பிடிக்கப் பார்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று யோசிக்கலாம். கையில் தூக்கிப் பார்க்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பிரிட்டனில் இவற்றைக் கொல்வதும் காயப்படுத்துவதும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பிறகு பல நாள் கிளறியும் ஒன்றும் தென்படவில்லை. போய்விட்டதா?

பதில்: போயிருக்க வேண்டியதில்லை. கோபன்ஹேகனில் மனிதர் பராமரிப்பில் வளர்ந்த ஐரோப்பியக் காலில்லாப் பல்லி ஒன்று 54 வருடம் வாழ்ந்திருக்கிறது, நீண்ட ஆயுள் உள்ள பிராணி. குளிர்காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும், மற்ற நாட்களிலும் பெரும்பாலும் மறைந்தே திரியும். குவியலைக் கிளறுவதை மட்டும் நிறுத்துங்கள், கோடை முடிவில் அதற்குள் குட்டிகள்கூட இருக்கலாம். வெயில் படும் புல் ஓரத்தில் ஒரு தகரத்தைப் போட்டு வையுங்கள், வெப்பத்துக்காக அதனடியில் வந்து ஒதுங்கும். வாரம் ஒருமுறை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், ஒன்றும் இல்லாத நாளையும் தேதியோடு 'இல்லை' என்று எழுதுங்கள். அந்த வரிகள் இருந்தால்தான், பின்னால் ஒருவர் உங்கள் குறிப்பைப் பார்க்கும்போது அது அங்கே இல்லையா, நீங்கள் பார்க்கவே இல்லையா என்று பிரித்தறிய முடியும்.